சொந்தக் களச் சாதகமும் கூரைப் பலூனும்: ஓர் ஆய்வுரை

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துக்கு என்.பி.ஏ. என்று பெயர். அதன் இறுதித் தொடரில் ஏழு ஆட்டங்கள். முதலில் நான்கு வென்றவருக்குக் கோப்பை. அந்தப் பருவத்தில் யார் அதிகம் வென்றாரோ அவருக்கு ஏழில் நான்கு ஆட்டங்கள் தம் ஊரிலேயே நடக்கும். கூடுதலாகக் கிடைக்கும் இந்த ஒற்றை ஆட்டத்தையே ‘சொந்தக் களச் சாதகம்’ என்பர் அறிந்தோர். 2025 வரை இறுதித் தொடர் ஏழாம் ஆட்டத்தைத் தொட்டது 20 முறை. உள்ளூர் அணி வென்றது 16, தோற்றது 4. ஆகவே சாதகம் உண்டு.

ஆய்வு இத்துடன் முடிந்துவிட்டது. ஆனால் ஒரு பத்தியில் முடியும் ஆய்வுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் கொடுத்ததில்லை என்பதால் கட்டுரையாளர் தொடர்கிறார்.

முதலில் முன்னோர் ஆய்வு. 1977இல் பாரி ஸ்வார்ட்ஸ், ஸ்டீவன் பார்ஸ்கி என்ற இருவர், உள்ளூரில் ஆடுபவருக்குச் சாதகம் உண்டு, அது ஆரவாரிக்கும் கூட்டத்தால் வருவது என்று எழுதினர். ரசிகர்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. 1984இல் ராய் பாமைஸ்டரும் ஆண்ட்ரூ ஸ்டைன்ஹில்பரும் பேஸ்பால், கூடைப்பந்துத் தொடர்களை அலசி, முடிவைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் அதே கூட்டம்தான் உள்ளூர் அணியின் கையை நடுங்க வைக்கிறது என்றனர். 1995இல் பாரி ஷ்லெங்கர் குழுவினர், கணக்கை இன்னும் சில ஆண்டுகளுக்கு நீட்டிப் பார்த்தால் பேஸ்பாலில் அந்த நடுக்கம் காணவில்லையே என்று கேட்டனர். அதே இதழில் அதற்கு பாமைஸ்டரின் மறுப்பு. மறுப்புக்கு ஷ்லெங்கரின் மறுமொழி. 2011இல் டோபியாஸ் மாஸ்கோவிட்ஸும் ஜான் வெர்தைமும் ஒரு புத்தகமே போட்டு, கூட்டம் மசியவைப்பது பெரும்பாலும் வீரரை அல்ல, நடுவரை என்றனர். ஆக, கூட்டம் உதவுகிறது, கெடுக்கிறது, இரண்டையும் செய்யாமல் விசில் வைத்திருப்பவரைப் பார்த்துக் கத்துகிறது. மூன்றும் நிறுவப்பட்டவை. மூன்றுக்கும் அடிக்குறிப்பு உண்டு.

இவர்களில் ஒருவர்கூடத் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்க்கவில்லை. இக்கட்டுரை நிரப்ப வந்த ஆய்வு இடைவெளி அதுவே.

கூரைக்குப் போகுமுன் சில்லறைக் காரணங்கள்.

உயரம்: டென்வர் கடல்மட்டத்திலிருந்து 5280 அடி, மூச்சு வாங்கும் விருந்தாளி காரணம் தெரிந்து வாங்கட்டும் என்று அந்த எண்ணை ஆடுதளத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நடுவர்: பார்க்க, மாஸ்கோவிட்ஸ். கட்டுரையாளருக்கு வம்பு வேண்டாம்.

வெப்பம்: இது சற்று விரிவை வேண்டுவது. 1984 இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டம் பழைய பாஸ்டன் கார்டனில். 1928இல் திறந்த அந்த அரங்கில் அன்று 97 பாரன்ஹீட், அதாவது 36 டிகிரி. வேலூர் வாசகர்கள் சிரிக்க வேண்டாம். கூரை மூடிய கட்டடத்துக்குள், நெருக்கியடித்த கூட்டத்துக்கு நடுவே, ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டம் அது. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸின் கரீம் அப்துல் ஜபார் ஆக்சிஜன் முகமூடியோடு உட்கார்ந்திருந்தார்; பாஸ்டன் செல்டிக்ஸின் லாரி பேர்ட் 34 புள்ளி எடுத்தார். பாஸ்டன் 121-103 என்று வென்றது, பின்னர் தொடரையும் எடுத்தது. வேண்டுமென்றே ஏ.சி.யை நிறுத்திவிட்டார்கள் என்று புகார் சொல்லவும் வழியில்லை. அந்த அரங்கில் ஏ.சி.யே கிடையாது. 2014இல் சான் அந்தோனியோவில் ஏ.சி. இருந்தது, முதல் ஆட்டத்தன்று பழுதானது. மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் தசைப்பிடிப்பால் வெளியேற, உள்ளூர் அணியான ஸ்பர்ஸ் 110-95. பழுது நீக்கிய இரண்டாம் ஆட்டத்தில் அதே அரங்கில் மயாமி வென்றது. ஏ.சி. மெக்கானிக் எந்த அணியின் ஆள் என்பது மேலாய்வுக்குரியது.

பயணம்: 1984 தொடர் நாட்டின் இரு கரைகளுக்கும் நடுவே மாறி மாறிப் பறந்தது. செல்டிக்ஸின் ரெட் அவர்பாக் அலுத்துக்கொண்டார் என்பார்கள். அடுத்த ஆண்டு முதல் இரண்டு, மூன்று, இரண்டு என்று ஆட்டங்களைப் பிரித்தார்கள். 2014இல் மறுபடி பழைய முறைக்கே திரும்பினார்கள். சுமார் முப்பது ஆண்டுகள் சாதகத்தின் இலக்கணமே ஒருவரது அலுப்பில் நின்றிருக்கிறது என்றால் மிகையாகாது. மிகையாகத்தான் இருக்கும், ஆனால் ஆய்வுரையில் அப்படித்தான் எழுத வேண்டும்.

இனிப் பலூன் இயல்.

1969: லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ், பாஸ்டன் செல்டிக்ஸ். முதல் ஆறு ஆட்டங்களிலும் உள்ளூர் அணியே வென்றது, ஒன்றுகூடத் தவறவில்லை. சொந்தக் களக் கொள்கைக்கு இதைவிடத் தூய சான்று கிடையாது. ஏழாம் ஆட்டம் மே 5 அன்று லேக்கர்ஸின் ஃபோரம் அரங்கில். அந்த அணியின் உரிமையாளர் ஜாக் கென்ட் குக் ஆயிரக்கணக்கான பலூன்களைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டார். நிகழ்ச்சி நிரல் ஒன்றும் அச்சாயிற்று: லேக்கர்ஸ் வென்றதும் பலூன்கள் இறங்கும், தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேண்டுக் குழு வாசிக்கும், பிறகு பேட்டி, முதலில் எல்ஜின் பெய்லர், அடுத்து ஜெர்ரி வெஸ்ட், பின்னர் வில்ட் சேம்பர்லின். தோற்றால் என்ன செய்வது என்பதற்கு அந்தத் தாளில் இடம் ஒதுக்கவில்லை. தாள் செல்டிக்ஸின் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமான பில் ரஸ்ஸல் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

செல்டிக்ஸ் 108, லேக்கர்ஸ் 106.

காரணம் கேட்டால் வரலாற்றாசிரியர்கள் மேம்போக்காக எதையாவது சொல்வார்கள். முழங்கால் வலியோடு வெளியே வந்த சேம்பர்லினை மறுபடி இறக்கப் பயிற்சியாளர் வான் பிரெடா கோல்ஃப் மறுத்தார் என்பர் ஒரு சாரார். டான் நெல்சன் எறிந்த பந்து வளையத்தின் பின்விளிம்பில் பட்டு மேலே எகிறி, நேராக உள்ளே விழுந்தது என்பர் இன்னொரு சாரார். அது எகிறியது எதை நோக்கி? மேல்நோக்கி. மேலே இருந்தது என்ன? இந்தக் கேள்வியை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் கேட்கவில்லை.

வளையம் பத்தடி உயரத்தில் இருக்கிறது. எறிய வேண்டுமானால் நிமிர்ந்தாக வேண்டும். நிமிரும்போதெல்லாம் லேக்கர்ஸ்காரர் கண்ணில் தன் வெற்றி விழா, ஊதி முடித்துத் தயாராக, தொங்குகிறது (பலூன், வாய்மொழி). செல்டிக்ஸ்காரர் கண்ணிலும் அதே பலூன்தான் படுகிறது; ஆனால் அவருக்கு அது அவமானம், ஆகவே ஊட்டம் (மேற்படி பலூன், தென்கிழக்கு மூலை, இரண்டாம் கால்பகுதியில் அளித்த நேர்காணல்). வெஸ்ட் மட்டும் மேலே பார்க்காமல் 42 புள்ளி எடுத்தார் என்றும், பார்த்த எரிச்சலில்தான் எடுத்தார் என்றும் இரு பாடங்கள் உள. இரண்டாவதே கொள்ளத்தக்கது (மேற்படி பலூன், ‘கீழ்நோக்கு: ஒரு கூரைவாசியின் குறிப்புகள்’, காற்றுள்ள முதற்பதிப்பு, காற்று இறங்கிய திருத்திய பதிப்பில் இவ்வியல் சுருங்கிவிட்டது, சக பலூன்கள் மூவரால் மதிப்பிடப்பெற்றது, இரண்டாம் மதிப்பீட்டாளர் வாசிக்கும்போதே வெடித்துவிட்டார்). அந்த ஆண்டுதான் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. அதை வெஸ்ட் பெற்றார். தோற்ற அணியிலிருந்து அதைப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. பலூன்கள்மேல் அவருக்கிருந்த கோபம் அந்த விருதால் தணியவில்லை.

கோட்பாடு இனி எளிது: எவருக்காக விழா முன்கூட்டித் தயாராகிறதோ அவர் தோற்பார். பலூன் கட்டாயமில்லை. 2013, மயாமி, ஆறாம் ஆட்டம்: அரை நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் சான் அந்தோனியோ ஐந்து புள்ளி முன்னே. கோப்பை வழங்குவதற்காக அரங்கப் பணியாளர்கள் ஆடுதளத்தைச் சுற்றி மஞ்சள் கயிற்றோடு வந்துவிட்டார்கள். உள்ளூர் ரசிகர்களில் பலர் வண்டியை எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். 5.2 விநாடி மிச்சமிருக்க ரே ஆலன் மூலையிலிருந்து மூன்று புள்ளி எறிந்து சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் மயாமி 103-100. கிளம்பியவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டினார்கள், உள்ளே விடவில்லை. கூட்டத்தால்தான் சாதகம் என்பவர்கள், வாகன நிறுத்தத்தில் நின்ற கூட்டம் எவ்விதம் உதவியது என்று விளக்கக் கடமைப்பட்டவர்கள்.

மறுப்புகள் எழும். ஏழாம் ஆட்டத்தை உள்ளூரில் இழந்த மற்ற மூவர்: 1974இல் மில்வாக்கி, 1978இல் சியாட்டில், 2016இல் கோல்டன் ஸ்டேட். முதல் இரண்டு ஊர்களிலும் பலூன் இருந்ததாகத் தகவல் இல்லை. தகவல் இல்லாமை பலூன் இல்லாமைக்குச் சான்றாகாது. கோல்டன் ஸ்டேட் அந்தப் பருவத்தில் 82 ஆட்டங்களில் 73 வென்று வந்த அணி. இறுதித் தொடரில் 3-1 என்று முன்னிலை பெற்றுப் பின் கிளீவ்லாந்திடம் தோற்றது. இங்கே அந்த 73 என்ற எண்ணையே பலூனாகக் கொள்ள வேண்டும். கோட்பாட்டுக்கேற்ற உதாரணம் கிடைக்காதபோது, கிடைத்த உதாரணத்தைக் கோட்பாட்டின் அளவுக்கு ஊதிக்கொள்வது அறிஞருலகில் ஏற்கப்பட்ட முறையே.

2019இல் டொரொன்டோவும் கோல்டன் ஸ்டேட்டும் ஆடிய ஆறு ஆட்டங்களில் ஐந்தை வெளியூர் அணியே வென்றது. இது கட்டுரையின் அளவு கருதி விடப்படுகிறது.

எஞ்சியிருப்பது 2020. பெருந்தொற்றால் இறுதித் தொடர் முழுதும் ஆர்லாண்டோவின் டிஸ்னி வேர்ல்டு வளாகத்தில் ஒரே அரங்கில் நடந்தது. பயணமில்லை, கூட்டமில்லை; ரசிகர்கள் திரையில் முகமாக மட்டும் தெரிந்தார்கள். ஆயினும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் அணியை ‘உள்ளூர்’ என்று பெயரளவில் குறித்தார்கள். ஆறு ஆட்டங்களில் அந்தப் பெயரளவு உள்ளூர் அணி வென்றது மூன்று, தோற்றது மூன்று. கூட்டக் கட்சியார் இதைத் தங்கள் சான்றாகக் கொள்ளலாம், நடுவர் கட்சியார் தங்களுடையதாகக் கொள்ளலாம், யாருக்கும் தடையில்லை. கட்டுரையாளர் அந்த அரங்கின் கூரையை நேரில் ஆராயப் பயணப்படி கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். வளாகம் டிஸ்னி வேர்ல்டுக்குள் இருப்பதால், மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் களப்பணி உதவியாளர்களாகச் சேர்த்திருக்கிறார்.