புதுப்பெட்டிக்காரருக்கு ஒரு புகழுரை

டீசல் இன்ஜினின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மூன்று ஆண்டுகளை மறக்காமல் சொல்வார்கள். 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசலின் இன்ஜின் சோதனையில் தேறியது. 1927-இல் பாஷ் நிறுவனம் டீசல் பம்ப்பைத் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கியது. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156, காமன் ரெயில் பொருத்திய முதல் காராக வெளிவந்தது. நூறு வருட உழைப்பு. இந்த வரிசையில் நான்காவதாக நிற்கவேண்டிய ஒருவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவர் நம்மூர் ஸ்பேர்ஸ் கடைத் தெருவில் இருக்கிறார். யாரோ கழற்றிப்போட்ட இன்ஜெக்டரை ஒரே ராத்திரியில் புதிதாக்கி, காலையில் பெட்டியோடு கையில் கொடுக்கிறார். அவருக்குச் சேரவேண்டிய புகழைச் சேர்த்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அவருடைய கைத்திறனைப் புரிந்துகொள்ள, அவர் கையில் எடுப்பது என்ன பொருள் என்று தெரியவேண்டும். காமன் ரெயில் இன்ஜெக்டருக்குள் ஓர் ஊசி மேலும் கீழும் ஓடுகிறது. ஊசிக்கும் அதைச் சுற்றிய உறைக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான் இடைவெளி. நாசில் நுனியில் உள்ள துளைகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். பின்னாலிருந்து தள்ளும் அழுத்தம் 1600 பார், புதிய வண்டிகளில் 2000 பாருக்கும் மேல். பழைய பம்ப் வண்டிகளில் இன்ஜெக்டர் 200 பார் அளவிலேயே திறந்துவிடும். பிரதானமாகத் தெளிப்பதற்கு முன்னால், சத்தம் குறையட்டும் என்று ஒரு கடுகளவு டீசலை மட்டும் முன்கூட்டித் தெளித்து நிறுத்தும் வேலையும் இதற்கு உண்டு. இதையெல்லாம் ஒரு நொடியில் பல முறை செய்யவேண்டும். இப்படிப்பட்ட பொருளைத் தொழிற்சாலையில் தூசி வடிகட்டிய அறைக்குள் வைத்துத்தான் பூட்டுகிறார்கள். நம்மவருக்கு ஒரு தட்டு, அரை லிட்டர் மண்ணெண்ணெய், ஒரு கம்பி பிரஷ், ஒரு பஃபிங் வீல் போதும். நாசில் நுனியின் கரியை அவர் தேய்த்து எடுக்கும் அழகைப் பார்க்கவேண்டும். மினுமினுக்கும். கம்பி பட்டுத் துளையின் விளிம்பு சிதைகிறது, டீசல் பனிப்படலமாகத் தெளியாமல் தாரையாகப் போகிறது. ஆனால் மினுக்கத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

பெட்டியைத் தனியே பாராட்டவேண்டும். அட்டையின் கனம், எழுத்தின் கூர்மை, சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறும் ஸ்டிக்கர், உள்ளே இன்ஜெக்டர் உடுத்தியிருக்கும் பிளாஸ்டிக் உறை, நுனிக்கு ஒரு மூடி. அச்சகத்துக்குச் செலவழிப்பதில் அவர் கணக்குப் பார்த்ததே இல்லை. உள்ளே இருக்கும் பொருளைவிடப் பெட்டி நீண்ட நாள் உழைக்கிறது. பல வீடுகளில் அந்தப் பெட்டிகள் இன்றும் ஸ்க்ரூ, நட்டு போட்டு வைக்கப் பயன்படுகின்றன.

அவருடைய சமத்துவ உணர்வு அதற்கும் மேலானது. இன்றைய பெரும்பாலான வண்டிகளில் நான்கு இன்ஜெக்டருக்கும் நான்கு தனிக் குறியீடு இருக்கும். ஒரே அச்சில் வந்தாலும் எந்த இரண்டு இன்ஜெக்டரும் ஒரே அளவு தெளிப்பதில்லை. அதனால் ஒவ்வொன்றையும் தொழிற்சாலையில் சோதித்து, அதன் கூடுதல் குறைச்சலை எழுத்தும் எண்ணுமாகத் தலையிலேயே பொறித்துவிடுகிறார்கள். மாட்டிய பிறகு அந்தக் குறியீட்டை ஸ்கேனர் வைத்து வண்டியின் இ.சி.யு.வில் ஏற்றவேண்டும். அப்போதுதான் எந்த சிலிண்டருக்கு எவ்வளவு நேரம் திறக்கவேண்டும் என்று அதற்குத் தெரியும். நம்மவர் இந்த ஏற்றத்தாழ்வை ஏற்பதில்லை. அவருடைய பெட்டியில் வரும் நான்கிலும் ஒரே குறியீடு, எழுத்து பிசகாமல். எந்தெந்த ஊரில் எந்தெந்த வண்டியில் தேய்ந்து வந்தவையோ, அவரிடம் வந்தபின் எல்லாம் ஒன்று. வண்டி ஐடிலிங்கில் நடுங்குகிறது, ஏற்றத்தில் கரும்புகை தள்ளுகிறது, ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கிறது. இ.சி.யு.வுக்குத்தான் அவருடைய கொள்கை புரியவில்லை.

விற்கும் இடத்தில் அவர் காட்டும் பரிவுக்கு ஈடில்லை. லோடு வண்டி ஓட்டுகிறவர் எப்போது இன்ஜெக்டர் தேடி வருவார்? வண்டி நின்ற மறுநாள். மாதக் கடைசியில் ட்யூ கட்டவேண்டும், சரக்கு ஏற்றச் சொன்னவர் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கம்பெனி இன்ஜெக்டர் நான்கு வாங்கப் போனால் ஐந்திலக்கத்தில் விலை சொல்கிறார்கள், அதுவும் வர இரண்டு நாள் ஆகும் என்கிறார்கள். இந்த நிலையில் வருகிறவரிடம் நம்மவர் ஒரு கேள்வி கேட்டுத் துன்புறுத்துவதில்லை. பழைய இன்ஜெக்டரின் எண்ணைக் கேட்பதில்லை. கடைசி இரண்டு இலக்கம் மாறினால் நாசில் வேறு, தெளிப்பின் கோணம் வேறு என்று பயமுறுத்துவதில்லை. பி.எஸ். 3-ஆ, பி.எஸ். 4-ஆ என்று குழப்புவதில்லை. "எல்லாம் ஒண்ணுதாண்ணே, உருவத்தைப் பாருங்க. பாதி விலைக்குத் தர்றேன், காலையில வண்டி ரோட்டுல நிக்கும்." வண்டி ரோட்டில் நிற்கும் என்று அவர் சொன்ன வாக்கு பொய்த்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

நாலைந்து தெரு தள்ளி, டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் டீசல் பம்ப் கடைக்காரர் இருக்கிறார். அவரிடம் இந்த இதம் கிடையாது. இன்ஜெக்டரைக் கழற்றிக் கொடுத்தால் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். பெஞ்சில் மாட்டி, முழு லோடுக்கு எவ்வளவு, ஐடிலிங்குக்கு எவ்வளவு, முன்தெளிப்புக்கு எவ்வளவு, ரிட்டர்னில் எவ்வளவு என்று அளந்து தாள் எடுத்துக் கையில் திணிக்கிறார். "இது தேறாது தம்பி, இதுல காசு போடாதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். அதைவிட வியாபாரத்துக்கு ஆகாத ஒரு காரியமும் செய்கிறார். கழற்றுவதற்கு முன்னாலேயே ரிட்டர்ன் குழாய்களைப் பிடுங்கி, ஒரே அளவான நான்கு பாட்டிலில் விட்டு, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிடுகிறார். தேய்ந்த இன்ஜெக்டரின் பாட்டில் மட்டும் விறுவிறுவென்று நிரம்புகிறது. மற்ற மூன்றும் நல்லவை என்று தெரிந்துபோகிறது. சில சமயம் நான்கும் சரியாகவே இருந்து, ஃபில்டரில் தண்ணீர் நின்றதுதான் காரணம் என்றும் தெரியவருகிறது. நான்கு இன்ஜெக்டர் வாங்க மனத்தைத் தயார்செய்துகொண்டு வந்தவரை ஒன்றோடும், சிலரை ஒரு ஃபில்டரோடும் அனுப்பிவிடுகிறார். நம்மவர் அப்படி யாரையும் ஏமாற்றியதில்லை. நான்கு கேட்டு வந்தவர் நான்கோடுதான் போவார்.

வாங்கியாயிற்று, மாட்டவேண்டும். இங்கே அவர் வண்டிக்காரரின் கையின்மேல் வைக்கும் நம்பிக்கை நெகிழவைப்பது. "இதுக்குப் போய் மெக்கானிக்குக்கு எதுக்குண்ணே கூலி? ஆளுக்கு ஒரு போல்ட்டு, ஒரு பைப்பு, ஒரு பிளக்கு. ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்லயே முடிச்சிரலாம்." வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலைதான் இது, மறுக்கவில்லை. நிதானமும் சுத்தமும் உள்ள கை செய்துவிடும். ஆனால் அந்தக் கை சிலவற்றை முன்கூட்டித் தெரிந்துவைத்திருக்கவேண்டும், அவற்றைச் சொல்லாமல் விட்டு வண்டிக்காரரின் மனச்சுமையைக் குறைப்பது நம்மவரின் பெருந்தன்மை.

இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள காப்பர் வாஷர் ஒருமுறைதான் நசுங்கும், புதிது போடவேண்டும் என்று அவர் சொல்வதில்லை. பழைய வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், டார்ச் அடித்துப் பார்க்காமல் அதன்மேல் புதிதைப் போட்டால் இரண்டாகிவிடும் என்றும் சொல்வதில்லை. சீட்டில் படிந்த கரியைச் சுரண்டி எடுக்காமல் மாட்டினால், எரிந்த வாயு இடுக்கு வழியாகக் கசிந்து, புஸ் புஸ் என்று சத்தம் கொடுத்து, இன்ஜெக்டரைச் சுற்றித் தாராக இறுகிப்போகும். பிறகு அதைப் பிடுங்குவதற்குள் ஹெட்டையே கழற்றவேண்டிவரலாம். கிளாம்ப் போல்ட்டை எவ்வளவு முறுக்கவேண்டும் என்று கணக்கு இருக்கிறது, பல இன்ஜின்களில் அந்த போல்ட்டே புதிதாகப் போடவேண்டியது. கை வலிக்கும்வரை முறுக்கினால் இன்ஜெக்டரின் உடல் நெளிந்து உள்ளே ஊசி பிடித்துக்கொள்ளும். பைப்பின் வாயைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், வாசலில் பறக்கும் தூசியில் ஒரு துகள் போதும். முன்பு சொன்ன அந்த ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு இடைவெளியில் அது போய் உட்கார்ந்துவிடும். இத்தனையையும் மென்று விழுங்கிவிட்டு "ஈஸிதாண்ணே" என்று சொல்லப் பெரிய மனது வேண்டும்.

ஒன்றை மட்டும் புகழாமல் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது இரும்பைப் பற்றியதல்ல. பழைய பம்ப் இன்ஜின்களில், எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பார்க்க, ஓடிக்கொண்டிருக்கும்போதே பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது பழக்கம். அந்தப் பழக்கத்தில் காமன் ரெயில் இன்ஜினில் கைவைத்தால், 1600 பாரில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கும், விரலையே எடுக்க நேரலாம். அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தோடு டீசல் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லவேண்டும், அறுவை சிகிச்சை தேவைப்படும். கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. காற்று எடுக்க நட்டைத் தளர்த்தவும் வேண்டாம். கைப்பம்ப் இருந்தால் அதை அடிப்பதும், சாவியைச் சில முறை ஆன் செய்து ஆஃப் செய்வதும் போதும். இன்ஜெக்டர் விற்கிற ஒவ்வொரு கடையும் வாய் திறந்து சொல்லவேண்டிய செய்தி இது.

நம்மவர் சொல்வதில்லை. வாங்குகிறவரைப் பயமுறுத்தக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான்.

அவரால் பிழைக்கிறவர்களையும் பார்க்கவேண்டும். மூடவேண்டிய நேரத்தில் மூடாமல் சொட்டும் இன்ஜெக்டர், பிஸ்டன் தலையில் ஒரே இடத்தைச் சுட்டுச் சுட்டுத் துளை போட்டுவிடும். துளை போடாவிட்டால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஆயில் சேம்பரில் இறங்கும். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும், பார்க்கிறவர் முதலில் சந்தோஷப்பட்டுவிடுவார். நீர்த்துப்போன அந்த ஆயிலில் பேரிங் தேய்கிறது. பிறகு டோ வண்டிக்காரருக்கு ஒரு வாடகை, லேத்துக்காரருக்கு ஒரு போரிங், பிஸ்டன், ரிங் விற்பவருக்கு ஒரு செட், வட்டிக்கு விடுகிறவருக்கு ஒரு கையெழுத்து. ஒரு தெருவுக்கே படியளக்கும் கை அது. பாதி விலைக்கு ஒரு பொருளை விற்று இத்தனை குடும்பங்களுக்கு முழு வேலை கொடுப்பது கம்பெனிக்காரர்களால் ஆகாத காரியம்.

அவரிடம் காகிதப் பழக்கம் இல்லை. "பில் போட்டா வரி சேரும்ணே, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று வாங்குகிறவரின் லாபத்தையே நினைப்பார். பில் இல்லாததால் சோதனைத் தாளும் இல்லை, வாரன்டியும் இல்லை. அவற்றுக்குப் பதிலாக அவரிடம் ஒரு வாய்ச்சொல் இருக்கிறது, "என்ன ஆனாலும் கொண்டாங்க, நான் இருக்கேன்." அவர் இருக்கிறார்தான். பத்து நாளில் வண்டி மறுபடி நின்று, அந்த நான்கையும் துணியில் சுற்றிக்கொண்டு வருகிறவரை அதே சிரிப்போடு உட்காரவைத்து டீ சொல்கிறார். "மாட்டினதுல எங்கேயோ மிஸ்டேக்ணே" என்கிறார். வாசலில் மாட்டியவர் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்கு இன்னொரு செட் பேசி முடிகிறது. அவர் முதல் முறை வந்தபோது, வண்டியிலிருந்து கழற்றிய கம்பெனி இன்ஜெக்டர் நான்கையும் பழைய இரும்பு விலைக்கு நம்மவர் எடுத்துக்கொண்டிருந்தார். அவற்றில் தேய்ந்தது ஒன்றுதான். மண்ணெண்ணெயில் முக்கி, பஃபிங் காட்டி, நுனிக்கு மூடி போட்டு, ஒரே குறியீட்டோடு நான்கும் இப்போது அடுத்த அலமாரியில் புதுப்பெட்டியில் இருக்கின்றன.