போய்வந்த அண்ணன்

டிசம்பர் நெருங்கினால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஊர்களில் பனிக்கு முன்பாக ஒருவர் வந்து இறங்குவார். தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் வாடகையைப் பங்கு போட்டுக் குடியிருக்கும் வீட்டில், யாரோ தெருவோரம் போட்டுவிட்டுப் போன சோபாவின் குழி விழாத மூலை அவருக்குரியது. வாடகைப் பத்திரத்தில் அவர் பெயர் கிடையாது. சாப்பாட்டுக் கணக்கில் உண்டு, அதுவும் செலவுப் பக்கத்தில் மட்டும். போன டிசம்பரில் விமானம் ஏறிச் சென்னைக்குப் போனார். பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில் திரும்பி வந்தார். இந்தப் போக்கும் வரவுமே அவர் பெற்ற பெரிய பட்டம், எம்.எஸ். அதற்கு அடுத்ததுதான். “அண்ணா, என் விசா மார்ச்லயே முடிஞ்சிடுச்சு. லீவுக்கு ஊருக்குப் போனா திரும்பி வர முடியுமா?” என்று புதிதாக வந்த பெண் கேட்பாள். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் தீர்ப்பளிப்பார்: “நான் வரலையா? ஒண்ணும் ஆகாதும்மா. டிக்கெட்டைப் போடு.” அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் முழுவதும் அந்த ஒரு வாயில் அடங்கிவிடும்; அடுத்த வாய் ரசம் சாதத்துக்கு.

இந்தப் போய்வந்த அண்ணனைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அவர் இல்லாத ஊர் இல்லையென்றால் அவருக்கு ஏதோ ஒரு தேவை இருக்கிறது என்றுதான் அர்த்தம். 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். விடுமுறை வந்தால் இவர்கள் முன் நிற்பது ஒரே கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களோ பலர். விசா கொடுப்பது தூதரகம். மாணவர் தகுதியைக் காட்டும் ஐ-20 பத்திரத்தில் பயணக் கையெழுத்துப் போடுவது பல்கலைக்கழகத்தின் டி.எஸ்.ஓ. என்ற அதிகாரி. உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது விமான நிலையத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் எல்லை அதிகாரி. அதற்கும் முன்பே, ஏற்றுவதா வேண்டாமா என்று பார்ப்பது சென்னையில் விமான நிறுவனத்தின் கவுன்ட்டர். தாள் சரியில்லாத பயணியை ஏற்றினால் அவர்களுக்கே அபராதம். நடுவில் இறங்கி மாறும் நாட்டுக்கும் ஒரு விதி இருக்கும். இத்தனை பேரும் தங்கள் பங்கை மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்துக்கு அடுத்தவரைக் கேட்கச் சொல்வார்கள். அத்தனையையும் ஒரே மூச்சில் ‘ஒண்ணும் ஆகாது’ என்று தைத்துக் கொடுக்கிறவர் அண்ணன் ஒருவர்தான்.

அவர் சொல்வது பொய்யென்று யாரும் சொல்ல முடியாது. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். கோளாறு இருப்பது அவர் காட்டும் ஆதாரத்தில். ‘நான் போனேன், வந்தேன், எனவே நீயும் போகலாம், வரலாம்’ என்பது அவருடைய தர்க்கம். இதற்குச் சாட்சியாக அதே கூடத்தில் இன்னும் நாலு போய்வந்தவர்கள் தலையாட்டுவார்கள். கூடத்தில் கருத்தெடுப்பு நடத்தினால் நூற்றுக்கு நூறு பேர் பத்திரமாகத் திரும்பியிருப்பார்கள். திரும்ப முடியாதவர்கள் அந்தக் கூடத்தில் இருக்க வழியில்லையே! தூதரகத்தில் விசாவை நிறுத்திவைக்கும் 221(ஜி) சீட்டை வாங்கிக்கொண்டு, கூடுதல் விசாரணை முடியட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்து ஒரு செமஸ்டரைக் கோட்டைவிட்டவர் தாம்பரத்திலோ தஞ்சாவூரிலோ அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு அழுகையை அடக்கிக்கொண்டிருப்பார். அவருடைய கட்டிலுக்கு இங்கே வேறு ஆள் வந்தாயிற்று. அவர் பெயரை எடுத்தால் அண்ணன், “அவன் கேஸ் வேறப்பா” என்று ஒதுக்கிவிடுவார். தப்பியவர் எல்லாம் விதி, மாட்டியவர் எல்லாம் விதிவிலக்கு என்று வைத்துக்கொண்டால் உலகத்தில் ஆபத்தான பயணமே கிடையாது.

ஆதாரத்தின் இரண்டாவது கோளாறு, அதற்கு வயதாகிவிடுவது. அண்ணன்களிலேயே மூத்த தலைமுறை ஒன்று உண்டு. பயணக் கையெழுத்து ஐ-20-இன் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். 2015-இல் அந்தப் பத்திரம் புது வடிவம் பெற்றது. கையெழுத்து இரண்டாம் பக்கத்துக்கு வந்துவிட்டது. இல்லாத கையெழுத்தை மூன்றாம் பக்கத்தில் தேடி ஒரு பிள்ளைக்கு வியர்த்துக்கொட்டுவதோடு அந்தத் தவறு தீர்ந்துவிடும். டிராப்பாக்ஸ் சமாசாரம் அப்படித் தீராது. பழைய விசாக்காரர்கள் நேர்காணல் இல்லாமலே கடவுச்சீட்டைப் போட்டுவிட்டுப் புது விசாவோடு திரும்ப வாங்கிய காலம் ஒன்று இருந்தது. ‘ஜெமினி மேம்பாலத்துத் தூதரகம் பக்கமே போகவேண்டாம்’ என்று அண்ணன்கள் சொன்னது அப்போது மெய். 2025 செப்டம்பர் 2 முதல் மாணவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை; நேர்காணலுக்கு நேரில் போயே ஆகவேண்டும். அதே மாதம் 6-ஆம் தேதி இன்னொரு கதவும் சாத்தப்பட்டது. சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. மெக்ஸிகோவுக்குப் போய் ஸ்டாம்பிங்கை முடித்துக்கொண்டு, கையோடு கடற்கரையையும் பார்த்துவந்த அண்ணனின் வீரக்கதை அன்றோடு வரலாறாகிவிட்டது. அவர் மட்டும் அதை இன்னும் நடப்புச் செய்தியாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது கோளாறு, ஆளுக்கு ஆள் நிலைமை மாறுவது. படித்துக்கொண்டிருப்பவருக்குப் பயணக் கையெழுத்து ஓர் ஆண்டுக்குச் செல்லும். படிப்பு முடித்து ஓ.பி.டி. என்ற வேலைப் பயிற்சியில் இருப்பவருக்கு ஆறே மாதம். அண்ணன் மாணவராகப் போய்வந்தவர். இப்போது ஓ.பி.டி.யில் இருக்கும் தம்பிக்கு, எட்டு மாதத்துக்கு முந்திய கையெழுத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் நாலு மாசம் இருக்குடா” என்று தைரியம் சொல்வார். கணக்கில் பிழையில்லை, ஆள்தான் மாறிவிட்டார். நயாகரா யோசனையும் இந்த ரகம்தான். விசா முடிந்தவர்கூடக் கனடாப் பக்கம் போய் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்பார். அடிப்படையில் அது சரி: கனடாவிலோ மெக்ஸிகோவிலோ முப்பது நாளுக்கு மிகாமல் இருந்துவிட்டுத் திரும்பும் மாணவருக்கு, முடிந்துபோன விசாவையே செல்லுபடியானதாக எடுத்துக்கொள்ளும் விதி ஒன்று உண்டு. ஆனால் போன இடத்தில் புது அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். அதோடு, இந்தியக் கடவுச்சீட்டுக்காரரைக் கனடா உள்ளே விட, கனடாவின் விசா வேறு வேண்டும். அண்ணன் விதியின் முதல் வரியை மனப்பாடமாகச் சொல்வார். ‘ஆனால்’ என்று தொடங்கும் வரிகள்தான் அவருக்கு நினைவில் நிற்பதில்லை.

அண்ணனின் இந்தத் தர்க்கத்தைச் சின்ன அளவில், கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமானால் கறிவேப்பிலையைப் பாருங்கள். ஊரிலிருந்து திரும்பும் பெட்டியில் என்ன வைக்கலாம் என்பது அண்ணனின் தனிப்பாடம். பருப்புப்பொடி, ஆவக்காய், அப்பளம் என்று வரிசையாக வந்து, கடைசியில் குரலைத் தாழ்த்துவார்: “கறிவேப்பிலையை நியூஸ்பேப்பர்ல சுத்தி, புடவை மடிப்புக்குள்ள வெச்சுடு. நான் ரெண்டு தடவ கொண்டுவந்தேன். யாரும் கேக்கல.” கேட்கவில்லை என்பது உண்மைதான். கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆரஞ்சுத் தோட்டங்களைப் பாழாக்கும் பசுமை நோயைப் பரப்புகிற ஒரு சிறு பூச்சி அதன் இலையில் குடியிருக்கும். ஃபுளோரிடாவின் ஆரஞ்சு விவசாயத்தை நொடித்துப்போக வைத்ததில் இந்த நோய்க்குப் பெரும்பங்கு உண்டு. அதனால் பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. படிவத்திலோ வாயாலோ உணவுப்பொருள் இருப்பதைச் சொல்லிவிட்டால், ஆகாததை எடுத்துக் குப்பையில் போடுவதோடு சரி. மறைத்துவைத்து அகப்பட்டால் அபராதம். ஆக அண்ணனின் அறிவுரையில் கறிவேப்பிலையைவிடப் பெரிய குற்றம் புடவை மடிப்பு. மாட்டாமல் வந்ததை அவர் அனுமதி என்று எடுத்துக்கொண்டார். இரண்டும் ஒன்றல்ல என்பது மாட்டிய பிறகே தெரியும்.

‘பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறதே, அங்கே கேட்காமல் சோபாவைக் கேட்பானேன்?’ என்று சிலர் கேட்பார்கள். கேட்கிறவர்கள் அந்த அலுவலகத்தின் கடிதத்தைப் படித்ததில்லை என்று பொருள். ‘பயணம் மேற்கொள்வது குறித்து எச்சரிக்கையுடன் பரிசீலிக்குமாறு பரிந்துரைக்கிறோம்’ என்று தொடங்கி, ‘நுழைவனுமதி எல்லை அதிகாரியின் முடிவுக்கு உட்பட்டது’ என்று அது முடியும். போகலாமா என்று கேட்ட பிள்ளைக்கு, போகலாம் என்றும் இல்லை, போகக்கூடாது என்றும் இல்லை. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில், பிள்ளை சென்னையில் மாட்டி நிற்கும் நாளில், பல இடங்களில் அந்த அலுவலகமே பூட்டியிருக்கும். அண்ணனின் கைப்பேசிக்கு மட்டும் விடுமுறை கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார். தகவலோடு தைரியமும் கேட்டு வருகிற பிள்ளையிடம் அலுவலகம் தகவலை மட்டும் நீட்டுகிறது, அண்ணன் தைரியத்தை மட்டும் நீட்டுகிறார். அவருடைய சந்தை அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. இதற்கு அலுவலகமும் ஒரு பங்கு பொறுப்பு.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பெரும்பாலானவர்கள் போய்விட்டுத் திரும்பித்தான் வருகிறார்கள். அப்படியிருக்க ‘ஒண்ணும் ஆகாது’ என்பதுதானே நியாயமான கணிப்பு? கணிப்பு என்ற அளவில் நியாயம்தான். ஆனால் பந்தயப் பணம் யாருடையது என்று பார்க்க வேண்டும். கணிப்புப் பலித்தால் அண்ணனுக்குப் புகழ். பொய்த்தால் தம்பிக்கு ஒரு செமஸ்டர், கட்டிய கட்டணம், வளாக வேலை, வீட்டில் கடன் வாங்கியிருந்தால் அதன் வட்டி. நிலைமை ஒரே இரவில் மாறும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2017 ஜனவரி 27 அன்று ஏழு நாட்டவருக்கு நுழைவை நிறுத்திய ஆணை வந்தபோது, செல்லுபடியாகும் விசாவோடு வழியில் இருந்த மாணவர்களும் அகப்பட்டுக்கொண்டார்கள். அந்த நினைவில்தான் 2024 நவம்பரில், அந்த ஆணையைப் போட்ட அதிபரே மறுபடி பதவியேற்கும் ஜனவரி 20-க்கு முன் திரும்பிவிடுவது நல்லது என்று மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் போன்ற பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களுக்குச் சொல்லின. 2025 மே கடைசியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதே மூன்று வாரம்போல் நின்றிருந்தது. கோடை விடுமுறைக்கு வந்து ஸ்லாட் போடக் காத்திருந்தவர்களுக்கு அந்த மூன்று வாரம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இவற்றில் எதையும் போன வருடத்து அனுபவத்தால் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

அப்படியானால் எதிர்க்கட்சி அண்ணன் சொல்வதைக் கேட்கலாமா? அதே வீட்டு மாடியில் அவர் இருப்பார். வந்த நாளிலிருந்து ஊருக்கே போகாதவர். தங்கை கல்யாணத்தையும் வீடியோவில் பார்த்து அட்சதை போட்டவர். “போனா வரமுடியாதுடா, எழுதி வெச்சுக்கோ” என்பது அவர் வாக்கு. போய்வந்த அண்ணனிடமாவது ஒரு பயணத்தின் ஆதாரம் இருக்கிறது. இவரிடம் அதுவும் இல்லை, செய்தித் தலைப்புகள் மட்டும் இருக்கின்றன. விசா முடிந்தாலும், படிப்பும் பதிவும் ஒழுங்காக இருக்கும்வரை உள்ளே இருப்பதில் தவறில்லை. விசா என்பது நுழைவதற்கான சீட்டு மட்டுமே. இது இவருக்குத் தெரிந்திருப்பதால் அசையாமல் இருக்கிறார். செல்லுபடியாகும் விசா, புதுக் கையெழுத்து, நேர்வழி டிக்கெட் எல்லாம் இருக்கும் தம்பியையும் சேர்த்து அசையவிடாமல் செய்வதுதான் அநியாயம். ஒருவர் தன் அதிர்ஷ்டத்தை எல்லோருக்கும் விதியாக்குகிறார், மற்றவர் தன் பயத்தை. இரண்டு பேரும் கேட்க மறந்தது தம்பியின் தாள்களில் இருக்கும் தேதிகளை.

எனவே போய்வந்த அண்ணனை ஒழித்துக்கட்ட வேண்டியதில்லை, அவரிடம் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொண்டால் போதும். ‘போகலாமா?’ என்று கேட்காமல், ‘எந்த வருஷம் போனீங்க, அப்ப உங்க விசா உயிரோட இருந்துச்சா, படிச்சிட்டிருந்தீங்களா ஓ.பி.டி.யா, எங்க இறங்கி மாறினீங்க?’ என்று கேட்டால், பத்தில் ஒன்பது அண்ணன்கள் மூன்றாவது கேள்வியில் சோபாவிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள். மிச்சமிருக்கும் ஒருவரின் அனுபவம் உண்மையிலேயே உதவும். விதியை டி.எஸ்.ஓ.விடம் எழுத்தில் வாங்குவது, இடைமாறும் நாட்டின் நிபந்தனையை அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் பார்ப்பது, டிக்கெட்டைக் கடைசியில் போடுவது என்ற வரிசை அவருக்கும் பொருந்தும். விதிப்புத்தகத்தில் இல்லாதவை அண்ணனின் சொந்த இலாகா: ஐ-20-ஐப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைப்பது, 23 கிலோ பெட்டியை வீட்டுத் தராசிலேயே நிறுத்துக்கொள்வது, இணைப்பு விமானத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் விட்டு டிக்கெட் எடுப்பது, விடுதியைப் பூட்டிவிட்டால் மூன்று வாரம் யார் வீட்டில் பெட்டியைப் போடலாம் என்பது. இந்த இலாகாவில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஜனவரியின் உறைபனியில் நள்ளிரவு விமானத்துக்கு, கடன் வாங்கிய காரோடு வந்து நிற்கப்போகிறவரும் அவர்தான். எந்த அலுவலகமும் அதைச் செய்யாது. சட்டம் தெரியாத ஒருவர் இவ்வளவு பயன்படுகிறார் என்றால், அவரைச் சட்டத்திலிருந்து விடுவித்துச் சாரதியாக்குவது இரு தரப்புக்கும் லாபம்.