அந்துருண்டை அண்ணாச்சி

"என்ன தம்பி, வெறும் பெட்ரோல்லயா ஓட்டுதிய?" என்பார், விருந்துக்குக் கூப்பிட்டு மோர்சாதம் போட்ட வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல.

வெறும் பெட்ரோல் இல்லை. மெக்கானிக் சொன்னபடி லிட்டருக்கு 20 மில்லி டூ டி ஆயில் விட்டிருக்கிறது. என் எக்ஸ்.எல். சூப்பர் மொபெட் கேட்பது அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு அது பத்தாது. மைலேஜுக்கு அந்துருண்டை, எஞ்சின் சூட்டுக்கு விளக்கெண்ணெய். "ரேஸ்காரன் இதைத்தாம்ல ஊத்துவான்" என்பார். பொய்யில்லை, ஆமணக்கெண்ணெயில் செய்த ஆயில் பந்தய வண்டிகளில் ஓடியிருக்கிறது. ஆனால் பந்தயம் முடிந்ததும் அவன் எஞ்சினைப் பிரித்துப் பிசினைச் சுரண்டுவான். இவர் டீக்கடைக்குப் போய்விடுவார்.

போட்டால் போதாது, ஆட்ட வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சீட்டையும் பிடித்து, இடமும் வலமும் எண்ணி எண்ணி ஆட்டுவார். நடுவில் யாராவது வணக்கம் சொன்னால் எண்ணிக்கை விட்டுப்போகும், மறுபடி ஒன்றிலிருந்து. கடைசியில் டேங்க்கில் காது வைத்துக் கேட்டு, "கலந்துட்டு" என்பார். அதன் பிறகு வருகிற புகை எந்த நிறமாக இருந்தாலும் நல்ல சகுனம்தான்.

அவருடைய சொந்த வண்டி ஆர்.எக்ஸ். 100. 1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டியைப் புதுசுபோல வைத்திருக்கிறார். அதில் ஆயிலுக்குத் தனி டேங்க். ஆக்சிலேட்டரைத் திருகுவதற்கேற்பப் பம்பே அளந்து கொடுத்துவிடும். அண்ணாச்சி கலக்க அங்கே ஒன்றுமில்லை. அந்தக் குறையைத்தான் ஊரார் மொபெட்டில் தீர்த்துக்கொள்கிறார். இப்போது பங்க்கிலேயே பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து தருகிறார்கள். தம்மைக் கேட்காமல் கலந்துவிட்டார்களே என்பது அவருடைய சமீபத்திய வருத்தம்.

மழையில் வண்டி நின்றுபோய் நாம் முழித்துக்கொண்டிருந்தால் பார்த்தும் பாராமல் போகிறவர் இல்லை. பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, இரண்டே உதையில் கிளப்பிக் கொடுப்பார். டீக்குக்கூடக் காசு வாங்கமாட்டார். இப்படிப்பட்டவரை எப்படித் திட்டுவது?

ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்துருண்டை பெட்ரோலில் கரையும். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகிப் போனதும் பொடியாகப் படிந்து ஜெட்டை அடைக்கும். அது ஆக்டேனை ஏற்றுகிறது என்றே வைத்துக்கொண்டாலும் 70 சிசி மொபெட்டின் அழுத்தத்துக்கு அது வேண்டியதே இல்லை. பீரோவில் போட வேண்டியதை பீரோவில் போடுங்கள் ஐயா! வேலைக்குப் போகிற நேரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பவன் நான். கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டை ஊதியதற்கு மெக்கானிக்குக் கூலி கொடுப்பவனும் நான்.

இந்தத் தடவை அந்தக் கூலியை அவரிடமே கேட்டுவிட்டேன்.

"நான் அன்னைக்கே ரெண்டு உருண்டை போடணும்னேன்" என்றார் அண்ணாச்சி. "நீங்கதான் ஒண்ணோட தடுத்துட்டிய."