படம் எடுத்தால் குற்றம்

காட்டுக்குள் கேமராவோடு போகிறவர் ஆபத்தான ஆள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு அப்படித்தான் நினைக்கிறது. சரணாலயமோ தேசியப் பூங்காவோ, படம் எடுக்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். 2022 திருத்தம் ஒரு நிபந்தனையையும் சேர்த்தது: விலங்குகளின் வாழிடத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. அருமையான நிபந்தனை. அதைக் கேமராக்காரரிடம் போய்ச் சொன்னதுதான் தமாஷ்.

புனே மாவட்டத்துப் பீமாசங்கரைப் பாருங்கள். 1985இல் சரணாலயமானது. ஷேக்ரு என்ற பெரிய மலை அணிலின் வீடு அது. மகாராஷ்டிரத்தின் மாநில விலங்கு என்ற பட்டமும் ஷேக்ருவுக்கு உண்டு. பட்டத்தை வைத்து அது என்ன செய்யும்? அதற்கு வேண்டியது கிளையோடு கிளை கோத்த மரங்கள். தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவிப் பிழைக்கும் பிராணி. நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதன் பாதை அறுந்துவிடும்.

மரம் விழத்தான் செய்தது. சரணாலயத்தை ஒட்டிய மலைகளில் காற்றாலைகள் முளைத்தன. புனேக்காரரான மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011 அறிக்கையில் அதைப் புட்டுப் புட்டு வைத்தது. காடு அழிந்தது. ஒழுங்கில்லாமல் வெட்டிய சாலைகளால் மலை சரிந்தது. மண்ணும் கல்லும் கீழே விளைநிலத்தில் போய் விழுந்தன. உள்ளூர் மக்கள் தங்கள் மலைக்கே போகமுடியாதபடி காற்றாலைக் கம்பெனி சோதனைச்சாவடி போட்டது. ஆம், கம்பெனி! வாழிடத்தில் மாற்றம் கூடாது என்று அந்தக் கம்பெனிக்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் கையில் கேமரா இல்லையே.

இன்னொரு கூத்து, இதே மாநிலத்தில். 2024 டிசம்பர் 31. உம்ரேட் பவனி கர்ஹாண்ட்லா சரணாலயத்தில் F2 என்ற பெண்புலியையும் அதன் 5 குட்டிகளையும் சஃபாரி ஜீப்புகள் முன்னும் பின்னும் மறித்து நின்றன. வழி விட ஒருவருக்கும் மனமில்லை. வீடியோ பரவியது. பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. டிரைவர்களும் கைடுகளும் சஸ்பெண்ட். ஜீப்புக்கு டிக்கெட் கிழித்து உள்ளே அனுப்பிய அமைப்பு அப்படியே இருக்கிறது.

2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதியில் சுற்றுலாப் பயணிகள் செல்போன் பயன்படுத்தத் தடை விதித்தது. புலி தெரிந்ததும் போன் பறந்து ஜீப்புகள் குவிகின்றன என்பது உண்மைதான். ஆனால் உம்ரேட் அக்கிரமம் ஊருக்குத் தெரிந்தது எதனால்? அதே போன்களால். இனி புலியை மறித்தால் சாட்சி யார்? புலியா? போன்தான் ஆகாது. பீரங்கி மாதிரி லென்ஸ் வைத்திருந்தால் கட்டணம் கட்டிவிட்டு உள்ளே போகலாம். ரசீது இருந்தால் புலிக்குத் தொந்தரவு இல்லை போலும்.

விதி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஓநாய்க்குப் பின்னால் கார் ஓட்டிப் படம் பிடிக்கிற புண்ணியவான்களை விரட்டத்தான் வேண்டும். அதே விதி புல்டோசரைக் கண்டதும் ஏன் சலாம் போடுகிறது என்பதுதான் கேள்வி.

பதில் நமக்குத் தெரியும். கோப்பு சரியாக நகர்ந்தால் காட்டில் மண் எடுக்கலாம், மரம் எடுக்கலாம், மலையையே எடுக்கலாம். எடுத்ததைப் படம் எடுக்கத்தான் அனுமதி இல்லை.