எட்டுக் கொம்பு ரவுட்டர்

கண்டியில் ஃபைபர் இணைப்பு எடுத்தவருக்கு அடுத்த கவலை ரவுட்டர். இணைப்போடு கம்பனிக்காரர் பூட்டிவிட்டுப் போகும் பெட்டியிலேயே பெரும்பாலும் வைஃபை இருக்கும். ஆனால் அது நமது அந்தஸ்துக்குப் போதாது. கடையில் எட்டு அன்டெனாவோடு ஒன்று நிற்கிறது, மல்லாக்கக் கிடக்கும் சிலந்தி மாதிரி. "இது ஹந்தானை மலை வரைக்கும் இழுக்கும் அண்ணே" என்கிறார் கடைத் தம்பி. ஹந்தானை உச்சியில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

மலைச்சரிவு வீட்டின் நியாயம் வேறு. ரோட்டு மட்டத்தில் மேல்மாடி, குடித்தனமோ கீழே. ரோட்டிலிருந்து வரும் கேபிளோடு ரவுட்டரும் மேலேயே தங்கிவிடும். நடுவில் கொங்கிரீட் தட்டு. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவாகவேனும் படியிறங்கி வரும். 100 மெகாபிட் பக்கேஜை எந்தக் கொம்பும் 200 ஆக்காது. கரண்ட் போனாலோ எட்டுக் கொம்பும் வெறும் அலங்காரம். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை போனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

முதலில் கீழ்மாடிக்கு ஒரு கேபிள் இழுங்கள். மிச்சக் காசுக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள்.