வாய்க்காலைத் திட்டாதலே

ஏலே எய்யா, ஒனக்குப் பிடிச்ச காரு ஜெயிச்சா டிரைவர் கெட்டிக்காரன்; தோத்தா மட்டும் இஞ்சின்காரன் திருட்டுப் பயலா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா போதும், போனை மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டு "இஞ்சின் ஏமாத்திட்டு, இஞ்சின் ஏமாத்திட்டு"ன்னு ஒப்பாரி வைக்க. ஒங்க ஆச்சி, பேரன் பைக்குலதான் ஏதோ கோளாறுன்னு பயந்து சுடலைமாடனுக்குத் தேங்கா நேந்துட்டா. "கோளாறு பைக்குல இல்லட்டி, பய மண்டையில"ன்னு நான்தான் சொல்லிச் சமாளிச்சேன்.

எனக்கு இந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தப் பத்தி என்னலே தெரியும்? மம்பட்டி பிடிச்ச கை. ஏதோ நீ தூங்குன பொறவு அந்தப் போனை எடுத்து, கண்ணாடிய மாட்டிக்கிட்டு, எழுத்துக்கூட்டிப் படிச்சதுதான். ஆனா கடைமடையப் பத்தி எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம். கன்னடியன் கால் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பொறப்பட்டு, சேரமாதேவி, பத்தமடைன்னு ஊர் ஊரா நனைச்சுட்டு வாரதுக்குள்ள, கடைசியில கிடக்க நம்ம அரைக்கோட்டை விதைப்பாட்டுக்கு மிச்சம் மீதிதான். ஜூன் மாசம் கார் சாகுபடிக்குப் பாபநாசத்துல தண்ணி தொறந்தாச்சுன்னு பேப்பர்ல போடுவான். தலைமடைக்காரன் அன்னைக்கே நாத்துப் பாவிருவான். நாம டார்ச் லைட்டும் மம்பட்டியுமா ராத்திரி கால்கரை வழியா நடந்துபோயி பாத்தா, மேலூர்க்காரன் குறுக்க சாக்கு மூட்டைய அடுக்கி, இடுக்குல புல்லையும் திணிச்சு, தண்ணிய அவன் வாமடைக்குத் திருப்பி விட்டிருப்பான். மூட்டைய எடுத்துப் போட்டுட்டு நாம வீடு வந்து சேருததுக்குள்ள திரும்ப அடுக்கிருவான்.

இந்தக் கார்ப் பந்தயமும் அதே வாய்க்கால்தாம்லே. காரோட உடம்ப அவனவன்தான் செய்யணும்; இஞ்சினை வெளியில வாங்கிக்கிடலாம். ஃபெராரி, மெர்சிடிஸ் மாதிரி சொந்தமா இஞ்சின் செய்யுதவன் தலைமடை. அவன்கிட்ட வாங்கி ஓட்டுதவன் கடைமடை. இங்கிலாந்துல சில்வர்ஸ்டோன் மைதானத்துக்கு எதுத்தாப்புல ஒரு பட்டறை இருக்கு. அஞ்சு தடவ பேர் மாத்துன வீடு. ஜோர்டான், மிட்லண்ட், ஸ்பைக்கர், ஃபோர்ஸ் இந்தியா, ரேசிங் பாயின்ட், இப்போ ஆஸ்டன் மார்ட்டின். பேர் மட்டுமா, இஞ்சினையும் மாத்தி மாத்தித் தீத்தானுவ. அந்த ஒரு வீட்டுக் கதை போதும், ஒன் ஒப்பாரி நிக்கும்.

ஆரம்பிச்சவன் எட்டி ஜோர்டான். அயர்லாந்துக்காரன். பாங்கில கிளார்க்கா இருந்தவன். 2025 மார்ச்சுல போய்ச் சேந்துட்டான், புண்ணியவான். 1991ல மொத வருசமே ஃபோர்டு இஞ்சினைத் துட்டுக் குடுத்து வாங்கி ஓட்டினான். 13 புள்ளி, அஞ்சாவது இடம். மைக்கேல் ஷூமாக்கர் இந்தப் பந்தயத்துல மொதமொத ஏறினதும் அவன் கார்லதான். பேரு வந்துது, கூடவே கடனும் வந்துது. அந்த நேரம் பாத்து யமஹாக்காரன், "எங்க 12 சிலிண்டர் இஞ்சினை எடுத்துக்கிடும், துட்டு வேண்டாம்"னான். ஓசின்னா எட்டி விடுவானா? அடுத்த வருசம் பூரா அந்த இஞ்சின் கனத்துச்சு, சூடாச்சு, நடுவழியில நின்னுச்சு. 1992 முழுக்க எத்தன புள்ளிங்க? ஒண்ணு. அதுவும் கடைசிப் பந்தயத்துல. பொறவு பிரையன் ஹார்ட்டுன்னு ஒரு சின்னப் பட்டறைக்காரன்கிட்டப் போனான். 1994ல அந்த இஞ்சினை வச்சு 28 புள்ளி எடுத்தான். சும்மா வாரதுல தப்பில்லலே. அறுப்பு நேரத்துல வயல முக்குத தண்ணியும் சும்மாதான் வருது.

ஹோண்டா குடும்பத்து இஞ்சின் வந்த பொறவு அந்த வீட்டுக்குக் கொஞ்சம் விளைச்சல். 1998 ஆகஸ்டு 30, பெல்ஜியத்துல கொட்டுத மழையில டேமன் ஹில் மொத வெற்றி வாங்கிக் குடுத்தான். ரெண்டாவது வந்ததும் அதே வீட்டுக் காருதான். அடுத்த வருசம் மொத்தத்துல மூணாவது இடம். அப்புறம் ஹோண்டா நேரடியாவே இஞ்சின் குடுக்க வந்துது. ஆனா பி.ஏ.ஆர்.னு இன்னொரு வயலையும் சேத்துப் பாத்துக்கிட்டுது. ரெண்டு வயலுக்கு ஒரு மடைன்னா முடிவு என்னன்னு நான் சொல்லணுமா? 2002ஓட எட்டி வயலுக்கு அடைச்சுட்டான்.

இப்போ நம்ம ஊர்க் கதைக்கு வாரேன். ஹோண்டா அடைச்ச பொறவு எட்டி திரும்ப ஃபோர்டு இஞ்சினுக்கே போயிருந்தான். 2004 கடைசியில ஃபோர்டும் தன்னோட காஸ்வொர்த் இஞ்சின் பட்டறையையே வித்துட்டு ஒதுங்கிச்சு. எட்டி, டொயோட்டாக்காரன்கிட்ட இஞ்சின் பேசினான். 2005 சனவரியில அணியையும் வித்துட்டான். அந்த வருசம் அந்த மஞ்சக் கார்ல ஏறினவன் யாரு? கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன். இந்தியாவுலேர்ந்து ஃபார்முலா ஒன்னுக்குப் போன மொத ஆளு. டொயோட்டா தன்னோட சொந்த அணியையும் ஓட்டிச்சு. வருசக் கடைசியில டொயோட்டாவுக்கு 88 புள்ளி. அதே இஞ்சினை வாங்கின ஜோர்டானுக்கு 12. அந்தப் பன்னெண்டுலயும் பதினொண்ணு ஒரே நாள்ல வந்தது. அமெரிக்கா இண்டியானாபொலிஸ்ல, மிஷ்லின் டயர் அங்கன ஒரு வளைவுல தாங்காதுன்னு 14 காரு ஒரு சுத்தோட உள்ள போயிருச்சு. மிச்சம் ஆறே காரு. அதுல நம்ம கார்த்திகேயன் நாலாவது. அது இஞ்சினும் இல்ல, வேற எந்தக் கெட்டிக்காரத்தனமும் இல்ல; மேலூர்க்காரன் பூராப் பேரும் கல்யாண வீட்டுக்குப் போன ராத்திரி.

ஒடனே நீ துள்ளுவ: "பாத்தேளா தாத்தா, தலைமடைக்காரன் அமுக்கிட்டான்!" அமுக்கிருப்பான், அதுல என்ன அதிசயம்? ஆனா அந்த ஜோர்டான் காரு போன வருசத்துக் காரையே திருத்தி ஓட்டினது. கையில துட்டு கிடையாது. மேடும் பள்ளமுமா கிடக்க வயலுக்குத் தலைமடையிலயே தண்ணி விட்டாலும் ஒரு மூலை காயும், ஒரு மூலை அழுகும்.

சந்தேகமா இருந்தா அதே வீட்டுல இன்னொரு வருசத்தப் பாரு. விஜய் மல்லையா பங்கு சேந்து வாங்கி ஃபோர்ஸ் இந்தியான்னு பேரு வச்சாரு. 2008ல ஃபெராரி இஞ்சின். வருசம் பூரா ஓட்டி எடுத்த புள்ளி முட்டை. அந்த வருசம் அணிப் பட்டம் ஃபெராரிக்கு. "சரிதான், அமுக்கிட்டான்"ங்கதுக்கும் வழியில்ல. அதே ஃபெராரி இஞ்சினை வாங்கின டோரோ ரோஸோன்னு இன்னொரு கடைமடைக்காரன், இத்தாலி மான்சாவுல, ஃபெராரியோட சொந்த வாசல்லயே ஜெயிச்சுட்டுப் போனான். ஓட்டினது 21 வயசு வெட்டல். ஒரே மடை, ஒரே தண்ணி. ஒருத்தனுக்கு நெல்லு, ஒருத்தனுக்குக் கோரைப்புல்லு. அதுக்கு வாய்க்கால் என்னலே பண்ணும்?

இந்த வீட்ட விட்டு மக்லாரன் வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவோம். ஒப்பாரியில ஒனக்கே குரு அவனுவதான். 1988ல ஹோண்டா இஞ்சினை வச்சு 16 பந்தயத்துல 15 ஜெயிச்சவனுவ. அந்தப் பழைய பவிசை நினைச்சு 2015ல திரும்பக் கூட்டு சேந்தானுவ. மத்தவன் ஒரு வருசம் முந்தியே புது மாதிரி இஞ்சினை ஓட்டிப் பழகியாச்சு. ஹோண்டா அப்போதான் வாரான். வந்தவன்கிட்ட மக்லாரன் என்ன சொல்லிச்சு தெரியுமா? "எங்க காரு பின்பக்கம் இடுப்பொடிஞ்ச மாதிரி ஒல்லியா இருக்கணும், அதுக்குள்ள இஞ்சினை அடக்கிரும்." அவனும் டர்போவோட காத்தமுக்குத சக்கரத்தச் சின்னதாக்கி, சிலிண்டர் ரெண்டு வரிசைக்கும் நடுவுல இருக்க இடுக்குல சொருகினான். சூடு வெளியேற வழியில்ல. புகையோட சூட்டுலேர்ந்து எடுக்க வேண்டிய கரண்டும் பத்தல. நீளமான நேர் ரோட்டுல பாதி தூரம் போகும்போதே கரண்டு தீந்து, பக்கத்துல வாரவன் சாவகாசமா தாண்டிப் போனான்.

அந்த வருசம் பெல்ஜியத்துல நடந்த கூத்தக் கேளு. அளவுக்கு மேல இஞ்சின் சாமான மாத்தினா, பொறப்படுத வரிசையில பின்னால தள்ளுவான். மக்லாரன் கார் ரெண்டுக்கும் சேத்து 105 இடம் பின்னால தள்ளுனான். வரிசையில நின்னது மொத்தமே 20 காரு! மிச்ச 85 இடம் எங்கன போயி நிக்கது, செருமனி எல்லையிலயா? அடுத்த மாசம் ஜப்பான்ல, ஹோண்டாவோட சொந்த மைதானத்துலயே, ஹோண்டா பெரிய மனுசங்க காது கேக்க, இது கீழ் வகுப்புப் பந்தயத்து இஞ்சின்னு மக்லாரன் டிரைவர் அலோன்சோ ரேடியோவுல கத்தினான். சம்பந்தி வீட்டு வாசல்ல நின்னு சம்பந்திய ஏசுதவன் நம்ம ஊர்ல உண்டுமாலே?

2017ஓட கூட்டு முறிஞ்சுது. "எங்க காரு பத்தரைமாத்து, இஞ்சின்தான் கழுதை"ன்னு மக்லாரன் ரெனோ இஞ்சினுக்கு மாறிச்சு. 2018ல அதே ரெனோவை வச்சு ரெட் புல் நாலு பந்தயம் ஜெயிச்சான். மக்லாரனுக்கு ஒண்ணுகூட இல்ல, மொத்தத்துல ஆறாவது. அப்போதான் வயல் மேடு பள்ளம்னு அவனுக்கே தெரிஞ்சுது. தொரத்தி விட்ட ஹோண்டா என்ன ஆனான்? 2019ல ரெட் புல் கூடச் சேந்து ஆஸ்திரியாவுல ஜெயிச்சான். 2021ல அவங்க டிரைவர் வெர்ஸ்டாப்பனுக்குப் பட்டம். அந்தக் கழுதைதாம்லே அது.

ஆனா மக்லாரன்காரனுக்குப் பொறவு புத்தி வந்துது, அதையும் சொல்லணும். 2021ல மெர்சிடிஸ்கிட்ட வாடிக்கைக்கு இஞ்சின் எடுத்துக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு, தொளியடிச்சுப் பரம்படிச்சான். 2024ல அணிப் பட்டம் மக்லாரனுக்கு. இஞ்சின் குடுத்த மெர்சிடிஸ் நாலாவது இடத்துல நின்னு கை தட்டுச்சு. கடைமடையில விளையாதுன்னு எவம்லே சொன்னான்?

சில்வர்ஸ்டோன் வீடும் ஒரு காலத்துல அப்படிப் பொழைச்சதுதான். 2009ல மெர்சிடிஸ் இஞ்சின், மக்லாரன் கியர் பாக்ஸ். ஃபோர்ஸ் இந்தியாங்க பேர்ல மொதமொத புள்ளி வாங்கினது அந்த வருசம்தான்; பெல்ஜியத்துல ஃபிசிகெல்லா ரெண்டாவது வந்தான், அதுவும் ஆகஸ்டு 30தான். 2016லயும் 2017லயும் பெரிய தலைக்கட்டு மூணு பேருக்கு அடுத்து நாலாவது. கொறஞ்ச துட்டுல அம்புட்டு விளைச்சல். ஆனா மொதலாளி மல்லையா இங்க பாங்குக் கடன் வழக்குல மாட்டி லண்டன்ல இருந்தாரு. பட்டறையில குடுக்க வேண்டிய பாக்கி ஏறிப்போச்சு. 2018 சூலை 27, லண்டன் கோர்ட்டு அணிய வேற ஆள் பொறுப்புல விட்டுது. மனு போட்டது அவங்க டிரைவர் செர்ஜியோ பெரஸ். அவனுக்கே சம்பளப் பாக்கி. கூட நின்னது யாருங்க? இஞ்சின் பாக்கி வர வேண்டிய மெர்சிடிஸ். எதிரி மாதிரித் தெரியும், ஆனா அப்படிச் செஞ்சதாலதான் வேற மொதலாளி வந்து, நானூறு பேருக்கு மேல வேலை நிலைச்சுது. மடைக்காரன் கணக்குக் கேட்டு வந்தா, கதவ அடைக்காம ஒரு பாய விரிச்சு உக்கார வைக்கணும்லே.

இப்போ அதே வீடு, ஆஸ்டன் மார்ட்டின்ங்க பேர்ல, 2026லேர்ந்து மெர்சிடிஸை விட்டுட்டு ஹோண்டாவோட சேருது. இந்தத் தடவ வாடிக்கைக்கு வாங்கல. ஹோண்டாவுக்கு வேற வயலே கிடையாது. காரு வரையுததுக்கு ஏட்ரியன் நியூவி, ரெட் புல்லுக்குப் பட்டம் பட்டமா வாங்கிக் குடுத்த ஆளு. அந்த வீடு கடைமடையிலேர்ந்து தலைமடைக்கு வருது. ஹோண்டாக்காரன் 2015ல வந்து, மொத வெற்றி பாக்க நாலு வருசம் ஆச்சுங்கத மறந்துராத. நாலு மாசத்துல அறுக்கதுக்கு அது அம்பை 16 நெல்லு இல்ல. மொத வருசம் தட்டுனா ஒடனே "இஞ்சின்"னு வாயத் தொறக்காம, வயல் சமமா இருக்கான்னு மொதல்ல பாரு.

தலைமடைன்னா சும்மா இல்லலே எய்யா. போன வருசம் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தலைமடையில ஒரு துண்டு விலைக்கு வந்துது. ஒங்கப்பன் வாங்கிருவோம்னு ஒத்தக்கால்ல நின்னான். நான்தான் வேண்டாம்னுட்டேன். இங்கன விளைச்சல் கொறஞ்சா மேலூர்க்காரன் சாக்கு மூட்டைன்னு சொல்லிருவேன். அங்கன போயி உக்காந்துட்டு, பயிரு காஞ்சா ஒங்க ஆச்சிகிட்ட நான் யாரைலே சொல்லித் தப்பிக்க?