தலைக்கணக்கும் ஓட்டுக்கணக்கும்

கேள்வி: அமெரிக்கக் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) ஒவ்வொன்றிலும் ஓட்டு வயதுக் குடிமக்கள் எத்தனை பேர் என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: தலையை எண்ணி அல்ல! 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியுரிமைக் கேள்வியைச் சேர்க்க டிரம்ப் அரசு துடித்தது. 2019-இல் உச்ச நீதிமன்றம் முட்டுக்கட்டை போட்டது. ஆகவே ஐந்தாண்டு மாதிரி ஆய்வுகளைச் சேர்த்துத்தான் மதிப்பீடு.

டெக்சாஸில் 254 கவுண்டிகள். ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸில் 2020-இல் 47 லட்சம் பேர். அங்கே மதிப்பீடு ஓரளவு பிசகாது. லவிங் கவுண்டியிலோ 2020-இல் மொத்தமே 64 பேர், குழந்தை குட்டிகள் உட்பட. பிழை வரம்பே ஊரை விழுங்கப் பார்க்கும்! (வேட்பாளரே வீடு வீடாகப் போய் எண்ணிவிடலாம்.)

இந்தக் கணக்கு நீதிமன்றமும் ஏறியது. தொகுதிகளைப் பிரிக்கும்போது, ஓட்டுப்போடத் தகுதியுள்ளவர்களை வைத்தே கணக்கிட வேண்டும் என்று டெக்சாஸ்காரர்கள் இருவர் வழக்காடினார்கள். 2016-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எட்டுப் பேரும் அதை ஏற்கவில்லை. மொத்த மக்கள்தொகையை வைத்து மாநிலம் தொகுதிகளைப் பிரித்தது செல்லும் என்றார்கள். கைக்குழந்தைக்கு ஓட்டு இல்லை. தொகுதிக் கணக்கில் இடம் உண்டு.